மனப்பாடமாக எழுதிய எண்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் பதினொரு வருடம் இருந்தவனுக்கு எண்களைப் பற்றி ஒரு திமிர் வராமல் இருக்குமா? எந்த வீட்டு மீட்டருக்கு என்ன எண் என்று நோட்டைத் திறக்காமலே ஒப்பிப்பான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'நடமாடும் நோட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் திமிர்தான் இன்று குடியேற்ற அலுவலகத்தின் நான்காம் மேசை முன்னால் அவனைத் திருதிருவென்று விழிக்க வைத்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் தாள்களை அருகருகே வைத்தாள். "சார், உங்க மனைவிய இங்க கூட்டிட்டு வர நீங்க எழுதின விண்ணப்பத்துல அவங்க பாஸ்போர்ட் நம்பர் ஒண்ணு. அவங்க மருத்துவ ரிப்போர்ட்லயும் பாஸ்போர்ட் நகல்லயும் இருக்கிறது வேற. ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படி எடுத்துக்கிறது?"

"ஒரே ஆள்தான் மேடம். எனக்கு ஒரு பொண்டாட்டிதான்."

அம்மாள் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையோட காலாவதி. அதுக்குள்ள ஆதாரம் குடுங்க. இல்லேன்னா ஃபைலை மூடிடுவோம். முதல்லேர்ந்து போடணும்."

முதலிலிருந்து என்றால் இன்னும் ஒன்றரை வருடம். கல்யாணமாகி இருவரும் சேர்ந்து இருந்ததே இருபது நாள்தான். பதினாறு மாதமாக அவள் அவளுடைய நாட்டில், இவன் இங்கே.

தப்பு எங்கே என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவன் எழுதியது அவளுடைய பழைய பாஸ்போர்ட்டின் எண். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த அன்று புதிய பாஸ்போர்ட்டின் நகல் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நமக்குத் தெரியாத எண்ணா என்று கடகடவென்று எழுதிவிட்டான்.

மாடிப்படியில் நின்று அவளுக்கு போன் செய்தான். அவள் மருந்துக்கடையில் வேலையில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குரல் உடைந்துவிட்டது.

"எல்லாம் என்னாலதாங்க. கல்யாணமான கையோட பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சிருக்கக் கூடாது."

பழி அவள்மேலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நொடி அவன் நினைக்கத்தான் செய்தான். மறுநொடியே வெட்கமாகிவிட்டது.

"உன் மேல தப்பில்லம்மா. நான்தான் பாக்காம எழுதிட்டேன். பழைய நம்பர் எனக்கு மனப்பாடம்."

"அத எப்போ மனப்பாடம் பண்ணீங்க?"

"கல்யாணத்தப் பதிவு பண்ண வரிசைல நின்னோமே, உன் பாஸ்போர்ட் என் கையில இருந்துச்சு. உன் மூஞ்சியப் பாக்கக் கூச்சம். அதான் நம்பரையே பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டது. "நல்லாப் பாத்தீங்க போங்க!"

"சரி, பழைய பாஸ்போர்ட் எங்க?"

"புதுசு குடுக்கும்போதே பாஸ்போர்ட் ஆபீஸ்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்களே."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனுக்குத் தன் வேலையே கை கொடுத்தது. ஒரு வீட்டில் மீட்டரை மாற்றினால், மாற்றுச்சீட்டில் பழைய எண்ணையும் எழுதாமல் விடமாட்டார்கள். மீட்டர்தான் புதிது, வீடு அதே வீடு.

"புதுசுல எங்கயாவது பழைய நம்பரப் போட்டிருப்பாங்க. நாம முதல் பக்கத்த மட்டும்தானே நகல் எடுத்தோம்? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மத்த பக்கத்தையும் பாரு."

"பையிலதாங்க இருக்கு."

"கடைக்கா எடுத்துட்டுப் போற?"

"தெனமும் எடுத்துட்டுத்தான் வரேன். எந்த நேரம் கூப்பிடுவாங்களோன்னு."

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"கடைசிப் பக்கத்துல இருக்குங்க! பழைய பாஸ்போர்ட் எண்ணுன்னு போட்டு..."

அவள் வாசிக்க வாசிக்க, அவன் கண்ணை மூடிக்கொண்டு கூடவே சொன்னான். ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை.

அவள் அனுப்பிய படத்தை அச்செடுத்து மேசையில் வைத்தபோது, எண்கள் மாறியதற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னாள் அந்த அம்மாள். 'மனைவியின் பழைய எண் மனப்பாடம் என்பதால் பார்க்காமல் எழுதிவிட்டேன்' என்று உள்ளதை எழுதினான். அதைப் படித்துவிட்டு அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கல்யாண நாளையே மறந்துட்டு வர்றவங்களத்தான் சார் நான் பாத்திருக்கேன்." இரண்டு தாள்களையும் சேர்த்துப் பின் குத்தி முத்திரை போட்டாள். "இந்தாங்க, புது நம்பர எழுதுங்க. இந்தத் தடவ பாத்து."

ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்து எழுதினான்.

மூன்று வாரத்தில் விசா வந்தது. டிக்கெட் கைக்கு வந்த அன்று அவளே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழம காலைல வந்து எறங்குறேங்க."

"விமானம் என்ன நம்பர்?"

"வாயால சொல்லமாட்டேன். எழுதி அனுப்புறேன், பாத்துட்டு வாங்க. அன்னிக்காவது என் மூஞ்சியப் பாருங்க."