காக்கை போட்டதும் அண்ணன் போட்டதும்

தங்கை தன் சம்பாத்தியத்தில் கார் வாங்கிய நாளிலிருந்தே அண்ணனுக்கு வயிற்றெரிச்சல். இன்று மரத்தடியில் நின்ற அந்தக் காரின் பானெட்டில் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. கிடைத்தது சாக்கு.

“பொம்பளைக்கு எதுக்குக் காருன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பெயிண்ட்டே போச்சு பாரு!”

ஈரத்துணியோடு வந்த அவள், “முதல்ல ஊறட்டும்ணா, தொடாதீங்க” என்றாள்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று வறட்டுத் துண்டால் பரபரவென்று தேய்த்தான். எச்சம் போனது, கீறல்கள் பல்லை இளித்தன.

அசடு வழிய, “இந்த மரத்தை வெட்டணும்” என்றான்.

“மரம் என்ன பண்ணுச்சு? காக்கா போட்டது கழுவினா போயிடும். நீங்க போட்டது போகாது. நாளைக்கும் இங்கதான் நிறுத்துவேன்ணா. நீங்க தள்ளி நில்லுங்க.”