பதினொரு பிழைகள்

மேசை மின்விசிறியை மூன்றில் வைத்தது ஒற்று சார்தான். வேறு யார் மேலும் பழியைப் போட வழியில்லை. அறையில் அவரைத் தவிர இருந்தவை பன்னிரண்டு கணினிகளும் ஒரு குப்பைக்கூடையும்தான். ஒரு நொடி முன்புவரை மேசைமேல் பன்னிரண்டு அடுக்குகளாக, அடுக்குக்கு மூன்று தாள்களாக, மொத்தம் முப்பத்தாறு தாள்கள் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன. மறுநொடி முப்பத்தாறும் எழுந்து நின்றன. பிறகு ஆளுக்கொரு திசையில் கிளம்பிப் போயின.

தாள்களில் பெயர் இல்லை. பக்க எண் இல்லை. ஸ்டேப்ளர் பின்னும் அடிக்கவில்லை. மூன்றும் அவர் செய்த ஏற்பாடுதான். "மேல பேர் வேண்டாம், நம்பர் வேண்டாம், தேதி வேண்டாம். எழுத்தே வந்து தான் யாருன்னு சொல்லட்டும்" என்று அன்று மதியம்தான் முழங்கியிருந்தார். ஒரு பையன் ஸ்டேப்ளரை நீட்டியபோது, "பிறந்த அன்னைக்கே குத்தாதடா" என்று தடுத்திருந்தார். கைதட்டல் கிடைத்தது. அந்தச் சத்தம் காதில் அடங்குவதற்குள், பிள்ளைகள் போன அறையில் புழுக்கமாக இருக்கிறதே என்று விசிறியைத் திருகினார். கைதட்டல் வாங்கிய மனிதனுக்குக் காற்று கொஞ்சம் அதிகமாகத்தான் தேவைப்படுகிறது.

ஒற்று சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். விடைத்தாளில் எங்கே ஒரு 'க்' விடுபட்டாலும், எங்கே ஒரு 'ப்' காணாமல் போனாலும், சிவப்பு மையால் அதைத் தேடிக் கொண்டுவந்து உரிய இடத்தில் உட்கார வைத்துவிடுவார். பத்தொன்பது வருடமாக இலக்கணம் நடத்துகிறார். அப்படிப்பட்டவரிடம் பதினொன்றாம் வகுப்புக்குப் படைப்பெழுத்து வகுப்பைத் தொடங்கச் சொன்னபோது, ஆசிரியர் அறையில் இரண்டு பேருக்குத் தேநீர் புரையேறியது. தலைமையாசிரியை மட்டும் சிரிக்காமல் நிபந்தனை போட்டார்: "பன்னிரண்டு பேர் இருந்தா நடத்துங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் மூடிடுவேன்."

சரியாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வேறு அறை காலியில்லாததால் கணினி அறை கிடைத்தது. அவரவர் உட்கார்ந்த கணினியின் எண்ணே அவரவர் பெயர் என்று வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் வேலை: யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுத வேண்டும். "நான் ஒருத்தன்தான் படிப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவங்கவங்க தாள் அவங்கவங்க கைக்கு வரும். நடுவுல இன்னொரு கண்ணு படாது" என்று வாக்குக் கொடுத்தார்.

இப்போது அந்த வாக்கு கீபோர்டுகளின்மேலும் மேசைக்கடியிலும் கிடந்தது. ஒரு தாள் குப்பைக்கூடைக்குள் போய், தன் தகுதியைத் தானே முடிவு செய்திருந்தது. எல்லாம் ஒரே அச்சுப்பொறியில், ஒரே எழுத்துருவில் வந்தவை; கையெழுத்து பார்க்க வழியில்லை. கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரிடம் ஓடினார்.

"தம்பி, பசங்க அடிச்சதெல்லாம் உள்ள இருக்குமில்ல?"

"நாலு மணி ஆனா தானா அழிஞ்சுரும் சார். அப்படித்தான் செட் பண்ணியிருக்கு."

"இப்ப மணி என்ன?"

"நாலு பத்து."

பிள்ளைகளைக் கூப்பிட்டு "உன்னுடையதை நீயே பொறுக்கிக்கொள்" என்று சொல்லலாம். ஆனால் ஒருவன் தன் தாளைத் தேடும்போது மற்ற முப்பத்தைந்தும் அவன் கண்ணில் படும். தவறான கைக்கு ஒரே ஒரு தாள் போனாலும் தீர்ந்தது. நம்பிக்கையும் போகும், பன்னிரண்டு என்ற கணக்கும் போகும்.

சனிக்கிழமை காலை வீட்டுக் கூடத்தில் முப்பத்தாறு தாள்களையும் தரையில் பரப்பினார். அந்த வழியாக அவர் மனைவி வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"என்னங்க இது, கால் வைக்க இடமில்லாம?"

"கண்ணை மூடிட்டுப் போம்மா. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"கண்ணை மூடிட்டு எப்படித் தாண்டறதாம்?" விஷயத்தைக் கேட்டவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "லேபிள் இல்லாத ரத்தத்தை நாங்க தொடவே மாட்டோம். கொட்டிட்டு, ஆளைக் கூப்பிட்டு மறுபடி குத்துவோம். நீங்க லேபிளே வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க, பெருமையா வேற."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பள்ளியிலிருந்து அதே பன்னிரண்டு பேரின் கட்டுரை நோட்டுகளையும் தூக்கி வந்திருந்தார். ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று ஒரு நோட்டைப் பிரித்தார். பக்கமெல்லாம் சிவப்பு. நாலாம் எண்ணின் நோட்டு அது. வரிக்கு வரி அவருடைய கையெழுத்தில், "முடி! வாக்கியத்தை முடி!" என்று இருந்தது.

தரையைப் பார்த்தார். ஒரு தாளில், எழுந்து, ஓடி, பார்த்து, நின்று, திரும்பி என்று எச்சமாகவே போய்க்கொண்டிருந்தது ஒரு வாக்கியம். தாளின் கடைசிவரை முற்றுப்புள்ளி இல்லை. அடுத்த தாளைத் தேடினார். ஜன்னலோரம் கிடைத்தது; அங்கேயும் அது நிற்கவில்லை. மூன்றாவது தாளின் பாதியில், ஒரே ஒரு வினைமுற்றில், அந்த வாக்கியம் வந்து விழுந்தது.

அவன் என்ன எழுதியிருந்தான் என்பதை இங்கே சொல்ல முடியாது. கொடுத்த வாக்கு கதைக்கும் சேர்த்துத்தான். எப்படி எழுதியிருந்தான் என்று சொல்லலாம். இரண்டரைப் பக்கம் மூச்சை அடக்கி வைத்திருந்து கடைசிச் சொல்லில் விட்டிருந்தான். படித்து முடித்தபோது ஒற்று சாரும் மூச்சை விட்டார். எப்போது பிடித்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. "முடி, முடி" என்று மூன்று வருடமாக அவர் விரட்டியது, முடிக்க மனமில்லாத ஒருவனை.

அவர் மெதுவாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

ஏழாம் எண்ணின் நோட்டில் சிவப்பு மை "காலம்!" என்று கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இறந்தகாலத்தில் தொடங்குவாள். திடீரென்று நிகழ்காலத்துக்குத் தாவிவிடுவாள். நேற்று வந்தவர் இப்போது கதவைத் தட்டுகிறார். கவனக்குறைவு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த இடம் வலிக்கிறதோ சரியாக அந்த இடத்தில்தான் காலம் மாறியது. ஆறாத எதையும் அவளால் இறந்தகாலத்தில் வைக்க முடியவில்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தது நேர் எதிரானதை.

இரண்டாம் எண் 'நான்' என்ற சொல்லைத் தொடுவதே இல்லை. "எழுவாய் எங்கே?" என்று நோட்டு முழுக்க விசாரித்திருந்தார். எழுவாய் மூன்றாவது தாளின் கடைசி வரியில் இருந்தது. கதவுக்குப் பின்னால் அவ்வளவு நேரமும் நின்றிருந்த ஒருவர் வெளியே வந்ததைப் போல அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஐந்தாம் எண் தன் நாய்க்கு மரியாதை கொடுப்பவன். "நாய் வந்தார், நாய் சாப்பிட்டார்." நாய் விஷயம் ரகசியமில்லை, பள்ளிக்கே தெரியும். ஒவ்வொரு 'ஆர்' விகுதியின்மேலும் சிவப்பில் ஒரு கோடு. இப்போது அந்தத் தாள்களை அவர் எழுந்து நின்றுதான் படித்தார். அந்த நாய் அப்படிப்பட்டவர்.

பன்னிரண்டாம் எண் எல்லா வாக்கியத்தையும் 'ஆனால்' என்று தொடங்குபவன். முதல் வாக்கியத்தையே அப்படித் தொடங்கியிருந்தான். அதற்கு முன்னால் அவனிடம் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டுமே, அது யார் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

மதியத்துக்குள் பதினொரு அடுக்குகள் சேர்ந்துவிட்டன. ஒற்று சார் சுவரில் சாய்ந்துகொண்டார். கூடம் அதே கூடம்தான். ஆனால் அதற்குள் பதினொரு பேர் உட்கார்ந்து, பதினொரு விதமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இலக்கணம் என்பது ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு சட்டை என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லி வந்தவர் அவர். அந்தச் சட்டைக்குள் ஒவ்வொருத்தருக்கும் தோள் வேறு என்பதை, அடித்த கோடுகளை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சிவப்பு மை விழுந்த இடமெல்லாம் அடையாளமாக இருந்தது. பிள்ளைகள் மட்டும் அவர் சொன்னபடி திருந்தியிருந்தால், இன்று முப்பத்தாறு தாளும் ஒன்றுபோலவே இருந்து, அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"நல்லவேளை, ஒருத்தரும் என் பேச்சைக் கேக்கலை" என்று சத்தமாகவே சொன்னார்.

"கேட்டா அதிசயம்தான்" என்றாள் உள்ளேயிருந்து மனைவி.

ஆனால் ஒருத்தி கேட்டிருந்தாள். மீதமிருந்த மூன்று தாள்கள் ஒன்பதாம் எண்ணுடையவை. அவள் நோட்டில் சிவப்பு என்பதே கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'மிக நன்று'. அவருடைய பெருமை அவள். அதனால்தான் கடைசிக்கு வைத்திருந்தார், ஆசையாக. (அவள் எழுதியதைச் சொல்ல அவளிடம் பிற்பாடு அனுமதி வாங்கியாயிற்று.)

மூன்று தாளிலும் ஒரு பிழை இல்லை. ஒவ்வொரு ஒற்றும் தன் நாற்காலியில் இருந்தது. கதை இதுதான்: ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி தன் வீட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறாள். பள்ளி விட்டுப் போனால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். 'பூட்டு எங்க வீட்ட வாயில கவ்விட்டு நிக்குது' என்று தொடங்குகிறது அந்தப் பத்தி. தமிழாசிரியர் சாக்பீஸை இரண்டாக உடைத்து, சின்னத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பத்தியை அப்படியே கரும்பலகையில் எழுதுகிறார். "பூட்டு நிக்குமா? தொங்கும்!" என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. பிறகு எல்லோரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். பதினொரு பிழைகள். சிறுமி அந்தப் பீரியட் முடியும்வரை நிற்கிறாள். அதன்பின் அவள் ஒரு வாக்கியத்தையும் பத்து முறை தட்டிப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. பிழையில்லாமல் எழுதுகிறாள், எழுத ஒன்றுமில்லாமல் எழுதுகிறாள்.

கடைசி வரிகள்: 'அடுத்த வெள்ளிக்கிழமை இந்தப் பக்கங்களைத் திரும்பப் பெற வருவேன். அதன்பின் அங்கே உட்காருவேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.'

பூட்டு ஒரு வீட்டையே வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறது. பதினொரு வயதில் ஒரு பிள்ளை பார்த்த பூட்டு. அவருக்கு நாற்பத்து நான்கு வயது. தினம் ஒரு பூட்டைத் திறக்கிறார். ஒரு நாளும் அதற்கு வாய் இருப்பதைப் பார்த்ததில்லை.

பிறகுதான் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது.

ஆனால் அவருக்கு நினைவில்லை. எவ்வளவு கிளறியும் அந்தப் பத்தியும் வரவில்லை, அந்தச் சிறுமியும் வரவில்லை. கணக்கு ஆசிரியர்கூடச் சாக்பீஸை உடைப்பார். யாருக்கு நிச்சயமாகத் தெரியும்?

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டார். "நான் ஒரு சின்னப் பிள்ளைய நிக்க வெச்சுச் சிரிப்பேனா?"

"நீங்க யாரையும் நிக்க வெக்க மாட்டீங்க. உங்க ஜோக்குக்கு உக்காந்துதான் ஆகணும்" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட வாங்க முதல்ல" என்று எழுந்துகொண்டாள்.

திங்கட்கிழமை வரலாற்று ஆசிரியரைப் பிடித்தார். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆறாம் வகுப்புத் தமிழ் யார் எடுத்தது சார்?"

"ஆதாரம் இல்லாம நான் எதையும் சொல்றதில்ல சார்" என்றார் அவர், தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி.

தலைமையாசிரியை, "அந்த வருஷம் மூணு பேர் மாறி மாறிப் போனீங்க" என்றார். "ஏன்? யாராவது புகாரா? எழுத்துல இருக்கா?"

எழுத்தில்தான் இருந்தது. "இல்ல மேடம், சும்மா" என்று வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு உறைகளோடு கணினி அறைக்குப் போனார். விசிறியின் பிளக்கை முதலில் பிடுங்கினார். உறையைப் பிரித்த நாலாம் எண் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னா சார், சிவப்பையே காணோம்? படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன்."

"அப்ப தப்பே இல்லையா?"

"நிறைய இருக்கு. பத்திரமா வெச்சுக்க."

"சாருக்கு உடம்புக்கு முடியல போல" என்று பன்னிரண்டாம் எண் மெதுவாகச் சொன்னான். "ஆனா நல்லாத்தான் இருக்கு."

ஒன்பதாம் எண் வாசலிலேயே நின்றாள். பை தோளில் இருந்தது. மற்ற பதினொரு பேரும் திரையைப் பார்க்கத் தொடங்கியபின் அவர் அவளிடம் போய் உறையைக் கொடுத்தார். அவள் மூன்று தாளையும் எடுத்து, வரிசை சரிபார்த்து, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

ஒரு வாரமாக அவர் தயார் செய்திருந்த அழகான முன்னுரை ஒன்று இருந்தது. எழுவாய், பயனிலை எல்லாம் பொருந்திய முன்னுரை. வாயைத் திறந்ததும் அது காணாமல் போயிற்று.

"அந்தப் பூட்டு..." என்றார். "அந்த மாதிரி ஒரு வரி என்னால எழுத முடியாதும்மா. எனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னா அதுவும் ஒரு தப்புதான். ஆனா நிஜமாவே இல்ல. யாரைக் கேட்டாலும் சுத்தி வளைக்கிறாங்க. நீ சொல்லு. அது நான்தானா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி உள்ளே போனாள். ஒன்பதாம் எண் கணினியின் முன்னால் பையைக் கழற்றி வைத்து உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினாள். அது முனகிக்கொண்டு விழித்தது.

"ஆமா சார், நீங்கதான்" என்றாள். "ஆனா பதினொண்ணு இல்ல. ஒன்பதுதான் என்னோடது. மிச்சம் ரெண்டும் நீங்க போர்டுல எழுதும்போது பண்ணது."