ஊரடங்கு நேரத்துச் சூரை மீன்

மலாயாவின் போர்ட்டிக்சன் கடலில் மீன்பிடிக்க நாள் வாடகைக்குப் படகு ஓட்டிய மலாய்க்காரரை நான் நம்பவில்லை. கடிகாரம்கூட இல்லாத ஆள்.

அப்போது வெள்ளைக்காரன் அறிவித்த அவசர காலம், ஊரடங்கு. ஆறு மணிக்குமேல் நாங்கள் வேலைசெய்த ரப்பர் எஸ்டேட்டுக்கு வெளியே அகப்பட்டால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டுபோனவன் என்று பிடித்து அடைப்பார்கள்.

மூன்று மணிக்கு என் இடுப்பு உயரச் சூரை ஒன்று தூண்டிலில் மாட்டியது. படகையே இழுத்தது.

"அறுத்து விடு மச்சான், நேரமாவுது" என்றேன்.

"நீ வேணா நீந்திப் போ மச்சான்" என்றான் நாகமுத்து, என் மனைவியின் தம்பி.

ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி மீனைத் தூக்கினோம். கரைக்கு வந்து, லாரி பிடித்து எஸ்டேட் கேட்டை அடைந்தபோது ஆறே முக்கால். காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டி, எங்கே போனீர்கள் என்று கேட்டார்.

நாகமுத்து சாக்கைப் பிரித்தான். போலீஸ்காரர் விளக்கடித்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். இரத்தம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"காட்டுல சூரை கிடைக்காது லா" என்று மலாயில் சிரித்தபடி கேட்டைத் திறந்தார்.

உள்ளே வந்து நாலு எட்டு வைத்த பிறகு சாக்கின் ஒரு முனையை நானும் பிடித்துக்கொண்டேன்.

"மீன் தலை எனக்கு" என்றேன்.