குறுக்கு விசாரணை செய்தவர்

கேள்வி என்னுடையதுதான். அதை நான் இல்லையென்று சொல்ல முடியாது.

அமலா இதை யாரிடமும் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதுகூடப் பாதியில் தடுக்கும். இன்று மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்ததும் தடுக்காமல் முழுதாக வந்துவிட்டது.

தாளை அனுப்பியது கார் இருக்கை தைக்கும் ஒரு வெளிநாட்டு கம்பெனி. ஆலை வல்லம் வடகாலில். அதன் தொழிலாளர் வழக்குகளை அமலா வேலை பார்க்கும் சட்ட நிறுவனம்தான் நடத்துகிறது. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி கேட்கும்: எங்கள் வழக்குகளில் பெண்கள் எத்தனை பேர் வாதாடினார்கள், குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்து வந்தவர்கள் எத்தனை பேர், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் எத்தனை பேர்? மூன்று வழக்கில் ஒன்றையாவது அப்படிப்பட்ட ஒருவர் முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். வடக்குப்பட்டு காலனியில் சட்டம் படித்த முதல் பெண் அமலா. எல்லாக் கட்டங்களுக்கும் அவள் ஒருத்தியே போதும்.

நாச்சியார் வழக்குக்கு நேரே, குறுக்கு விசாரணை செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"இன்னாக்கா, சீனியர் ஆயிட்டியாமே?" அந்தத் தாளில் பெயர்களைத் தட்டச்சு செய்த குமாஸ்தா ஜோயல் எட்டிப் பார்த்தான். "நேத்து வரிக்கும் என்னோட சேந்து கேஸ் கட்டு தூக்கினு வந்தே. இனிமே உன் பையையும் நான்தான் தூக்கணுமா?"

"தூக்கேன். வெயிட்டாத்தான் கீது."

"பாரு, அதுக்குள்ள அதிகாரம் வந்துடுச்சி."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் சிரிப்பு உதட்டோடு நின்றது.

நாச்சியார் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி, ஆலையில் தையல் லைனில் வேலை பார்த்தவள். சொல்லாமல் லைனை விட்டு இருபது நிமிஷம் போய்விட்டாள், இரண்டாவது தடவை என்று வேலையை விட்டு நீக்கினார்கள். அவள் வழக்குப் போட்டாள். தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத்துக்காக எழுந்து நின்று அவளைக் குறுக்கு விசாரணை செய்தது அமலாவின் சீனியர் ரத்னா மேடம். அமலா பக்கத்தில் வழக்குக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரை மணி நேரம் நாச்சியார் அசையவில்லை. கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னாள். ரத்னா மேடம் காகிதத்தைப் புரட்டுவதுபோல நேரம் கடத்தியபோதுதான் அமலா ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நகர்த்தினாள்: போன காரணத்தை சூப்பர்வைசரிடம் சொன்னாளா என்று கேளுங்கள்.

காரணம் அமலாவுக்குத் தெரியும். வழக்குக் கட்டுக்குள் அது எங்கேயும் இல்லை. கல்லூரியில் சேருமுன் இரண்டு வருஷம் அவளும் ஒரு ஆலையில் லைனில் நின்றவள். மாதவிலக்கில் துணி கறைபட்ட பெண் ஓடுவாளே தவிர, ஆம்பளை சூப்பர்வைசரிடம் நின்று விளக்கிக்கொண்டிருக்க மாட்டாள். என்ன பதில் வரும் என்று தெரிந்தே எழுதினாள்.

ரத்னா மேடம் கேட்டார். நாச்சியார் நீதிபதியைப் பார்த்தாள். பின்வரிசையில் இருந்த சூப்பர்வைசரைப் பார்த்தாள். பிறகு, அந்த அறையில் தன் வயசுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பெண் என்பதாலோ என்னவோ, அமலாவைப் பார்த்தாள். அமலா கட்டுக்குள் குனிந்துகொண்டாள்.

"சொல்லலய்யா. அத எப்படிய்யா சொல்லுவேன்."

'சொல்லவில்லை' என்பது மட்டும் பதிவானது. வழக்கு அங்கேயே சாய்ந்தது. தீர்ப்பு வந்த வாரமே அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்று அமலா கேள்விப்பட்டாள்.

அன்று திரும்பும் வழியில் காரில், "எங்கேருந்து பிடிச்ச அந்தக் கேள்விய?" என்று ரத்னா மேடம் அவள் கையைத் தட்டினார். அமலாவுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு நாள் இருந்தது அந்தப் பெருமை. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இன்று மத்தியானம் மேடம் அவளைத் தாளோடு அறைக்குக் கூப்பிட்டார்.

"கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல மேடம். நின்னது நீங்க."

"கேள்வி உன்னோடது. நான் வெறும் வாய்தானே. பொய்யின்னு ஏன் நெனைக்கிற?" மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் எட்டு வருஷம் கட்டு தூக்கினேன், அமலா. நான் எழுதிக் கொடுத்ததைப் பேசி ஜெயிச்சவங்க ஒருத்தர்கூட என் பேர ஒரு காகிதத்துல போடல. நான் உன் பேர போடறேன். தப்பா?"

அந்தக் குரலில் பொய் இல்லை.

"இந்தக் கணக்கு நிக்கலன்னா கம்பெனி வேற ஆபீஸப் பாத்துக்கும். வல்லத்துலேருந்து வந்தாளே நிலா, அடுத்த மாசம் அவள ஜூனியரா சேக்கறதா இருக்கோம். அதுவும் போயிடும். உன்னமாதிரிதானே அவளும்?"

நிலா போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தாள். கறுப்பு கோட்டை எங்கே தைப்பது என்று கேட்டாள். அமலா பேனாவை எடுத்தாள்.

அன்று எழுந்து நின்றது நானாக இருந்திருந்தால்? நாச்சியார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அதைக் கேட்டிருப்பேனா? கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். அமலாவுக்குத் தெரியவில்லை. தெரியாமலிருப்பது ஒன்றுதான் அவள் கையில் மிச்சம். கையெழுத்துப் போட்டால், ஆமாம், நாச்சியார் முகத்தைப் பார்த்தே கேட்டேன் என்று அந்தத் தாள் அமலாவுக்காகச் சொல்லிவிடும்.

"என் பேரு வேணாம் மேடம்."

"அப்போ யார் பேர போடறது?"

"உங்க பேர."

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "வீட்டுக்குப் போய் நல்லா யோசி. காலைல சொல்லு."

அமலா பேனாவை மூடினாள். தாளை மேஜையின் அந்தப் பக்கமாக, மேடம் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.

"காலைலயும் இதேதான் மேடம் சொல்லுவேன். நிலாகிட்ட நானே பேசிக்கறேன்."