விறகு மெஷின் வாங்கின மனுஷன்

என் வாய் சும்மா இருக்காது. எங்க ரொட்டிக்கடைக் கல்லாவுல நான் உட்கார்ந்தா, வர்றவங்கள்ல பாதிப் பேர் நான் என் வீட்டுக்காரரை வாரறதைக் கேக்கத்தான் நின்னுக்கிட்டு இருப்பாங்க. உள்ள மாவு பிசைஞ்சுக்கிட்டே அவரும் சிரிப்பாரு. சிரிக்கிறாருன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அதை நெனச்சா உடம்பே கூசுது.

எங்களுது விறகு அடுப்பு. கட்டை பிளந்து தந்துக்கிட்டிருந்த ஆள் வேற வேலைக்குப் போயிட்டாரு. கொஞ்ச நாள் இவரே கோடாலியைத் தூக்கினாரு. தோள் பிடிச்சுக்கிச்சு, சட்டை மாட்டக்கூட கை மேல வரல. அப்பத்தான் ஒரு மரக்கடையில ஒதுக்கிப் போட்டிருந்த பழைய விறகு பிளக்கற மெஷினைக் கொண்டுவந்து பின்கட்டுல இறக்கினாரு. மேல பெட்ரோல் என்ஜின், அடியில எண்ணெய் டேங்க், நடுவுல ஒரு சிலிண்டர். என்ஜின் ஓடினா எண்ணெய் ரப்பர் குழாய் வழியா முட்டிக்கிட்டுப் போய், சிலிண்டர்ல இருக்கிற தண்டைத் தள்ளும். தண்டு கட்டையைக் கொண்டுபோய் ஆப்புல அழுத்திப் பிளக்கும். அது நல்ல மெஷின் செய்யற வேலை. இது எண்ணெயைத் தரையில கக்கிட்டு, பாதி வழியில மூச்சு வாங்கிக்கிட்டு நின்னுடும்.

"காயலாங்கடைக்குப் போற வழியில நம்ம வீட்ல இறங்கிடுச்சா?"ன்னு கேட்டேன்.

"சிலிண்டர்ல எண்ணெய் கசியாம அடைக்கிற ரப்பர் சீல் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். நானே மாத்திடுவேன்."

"நீங்களா? கிரைண்டரைக் கழட்டி மாட்டினப்போ மிஞ்சின ஸ்க்ரூவை வச்சு இன்னொரு கிரைண்டரே பண்ணலாம்."

அவரு தினமும் கடையை மூடினதும் பின்கட்டுக்குப் போயிடுவாரு. டேங்கைக் கவுத்து, அடியில தார் மாதிரி படிஞ்சிருந்த கசடைச் சுரண்டி எடுத்தாரு. ஃபில்டரை மாத்தினாரு. சிலிண்டரைத் திறந்து, தேஞ்ச சீலைக் கத்தி முனையால உள்சுவரைக் கீறாம எடுத்து, புதுசுக்கு எண்ணெய் தடவி உக்கார வச்சாரு. "கொஞ்சம் லைட்டைப் பிடியேன்"னு ஒரு தடவை கூப்பிட்டாரு. "எனக்கு வேற வேலை இல்லையா?"ன்னு உள்ள போயிட்டேன்.

கடையில இதுவே தினசரி செய்தியாப் போச்சு. "ஆபரேஷன் எப்படி?"ன்னு ஒருத்தர் கேப்பாரு. "நோயாளி கண்ணு முழிக்கல, வைத்தியருதான் எண்ணெயில குளிச்சுட்டு வந்தாரு"ன்னு நான் எடுத்து விடுவேன். கடையே சிரிக்கும். எனக்கும் அந்தச் சிரிப்பு ருசிச்சுது, பொய் சொல்லக்கூடாது.

அன்னிக்கு மத்தியானம் கடையில நல்ல கூட்டம். இவரு பின்கட்டுலேருந்து வேகமா வந்து கல்லாப் பக்கத்துல நின்னாரு. வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால பொத்திப் பிடிச்சிருந்தாரு. என்னமோ சொல்ல வாயெடுத்தாரு.

நான் முந்திக்கிட்டேன். "என்னங்க, மெஷின் கடிச்சிருச்சா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவரு முகம் சுண்டிப் போச்சு. "ஒண்ணுமில்ல. சிராய் ஏறிடுச்சு."

விரல் நுனியில குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்ல. நான் ஊசியை எடுத்து, அத்தனை பேர் முன்னாடி அந்த விரலைப் பிடிச்சுக் குத்தினேன். அழுத்திப் பிதுக்கினேன். எண்ணெய் மாதிரி ஒரு சொட்டு வந்துச்சு. "சிராயைக் காணோம், உங்க தொழில்திறமை மாதிரியே"ன்னேன். மறுபடி சிரிப்பு. அவரு கையை உருவிக்கிட்டு உள்ள போயிட்டாரு.

மறுநாள் விடியக்காலையில ஒத்தக் கையால மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தாரு. "துரைக்கு இன்னொரு கை லீவா?"ன்னு கேட்டுக்கிட்டே கிட்டப் போனேன். துண்டால மறைச்சிருந்தாரு. விலக்கிப் பார்த்தா விரல் மொந்தன்பழம் கணக்கா வீங்கி, நுனி வெளுத்து, மடக்க முடியாம நின்னுச்சு. அடுப்பை அப்படியே விட்டுட்டு, வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

வண்டியில போறப்போ மெதுவாச் சொன்னாரு. "மெஷின் சரியாயிடுச்சு, தெரியுமா? நேத்து முழுக் கட்டையை ஒரே தள்ளுல பிளந்துச்சு. குழாய்ல மட்டும் லேசா ஈரம் தெரிஞ்சுது. எங்க கசியுதுன்னு என்ஜின் ஓடறப்பவே விரலால தடவிப் பார்த்தேன், சுருக்குன்னுச்சு. அதைப் பெருசா நெனைக்கல. மெஷின் ஓடுதுன்னு உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கடையில ஆளுங்க இருந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னாரு. கோபமாக்கூட சொல்லல. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்ல.

டாக்டரம்மா குழாய்னு கேட்டதுமே விரலை விட்டுட்டு உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாங்க. "ரப்பர்ல ஊசிமுனை ஓட்டை இருந்தாப் போதும், அந்த அழுத்தத்துல எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில புள்ளிதான் தெரியும், உள்ள சதையை அரிச்சுக்கிட்டே போகும். இப்பவே திறந்து கழுவணும். விரல் நிக்குமான்னு திறந்தாத்தான் தெரியும்"னாங்க. மாவு பிசையற கை. அதை வச்சுத்தான் எங்க குடும்பமே சாப்பிடுது.

"எப்ப ஆச்சு?"

"நேத்து மத்தியானம்."

"உடனே வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. நுனியில யாரு இப்படிக் குத்திப் பிதுக்கினது?"

"நான்தான், சிராய்னு நெனச்சு"ன்னு அவரு முந்திக்கிட்டாரு.

"வீட்ல யாருமே பார்க்கலையா?"

நான் இருந்தேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவரு சொல்லிட்டாரு. "இவ ஊர்ல இல்ல டாக்டர். காலையிலதான் வந்தா. பார்த்ததும் இழுத்துக்கிட்டு வந்துட்டா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாங்க. "நல்லவேளை, நீங்களாவது வந்து சேர்ந்தீங்க"ன்னு என் தோளைத் தட்டினாங்க.

ஆமான்னு தலையாட்டினேன்.