கதவில் ஒட்டிய சொல்

1

இந்தக் கதை ஒரு காகிதத்திலிருந்து வந்தது. சுவீடனின் வெஸ்டெரோஸ் நகரில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிக் கதவில் அது ஒட்டியிருந்தது. ஒரே சொல்: 'ஸ்மித்சாம்'. தொற்றக்கூடியது என்று பொருள். ஒருவருடைய சிரிப்பையும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் பிப்ரவரியில் கதவில் ஒட்டினால் வயிறுதான், குளிர்காலத்தில் பரவும் வாந்தி நோய்.

2

அந்தக் கதவுக்குள் வசிக்கும் ரக்ன்ஹில்டுக்கு எழுபத்தொரு வயது. அன்று காலை அவள் குளியலறைத் தரையில்... (வேண்டாம். வாந்தியில் தொடங்கும் கதையை யார் படிப்பார்கள்?)

மூன்றே நாளில் ரக்ன்ஹில்டுக்குக் குணமாகிவிட்டது. காகிதத்தை மட்டும் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தூரேதான் காரணம். ஒன்பது வருடமாகத் தலையசைப்போடு சரி.* இப்போதோ தினமும் அவள் கதவுப்பிடியில் ஒரு பையை மாட்டிவிட்டு, கதவிலுள்ள தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பேசுகிறார்.

* இங்கே படியில் காலடி கேட்டால், அது ஓயும்வரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டுத்தான் வெளியே வருவார்கள். இதற்கு மரியாதை என்று பெயர்.

3

"ரக்ன்ஹில்ட், உயிரோட இருக்கீங்களா?"

"பாதி இருக்கேன். பையில என்ன?"

"ஏலக்காய் பன். நானே சுட்டேன். கொஞ்சம் கருகிருச்சு."

"இருக்கற வியாதி பத்தாதா எனக்கு?"

தூரே சிரித்தார். உள்ளே தரையில் உட்கார்ந்திருந்த அவளும் சிரித்தாள். மேசையில் எட்டு நாளாக இரண்டு கோப்பைகள் காத்திருந்தன. (பேச்சு என் மூன்றாம் மாடிவரை கேட்டது. கோப்பைகள் என் கற்பனை.) உள்ளே வாங்க என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"ரெஸ்ட் எடுங்க," என்றார் தூரே. "குணமாயிட்டா நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பாவமாக இருந்தது எனக்கு.

4

முதலில் எழுதிய முடிவு: காகிதத்தைக் கிழிக்கிறாள், தூரே மறுபடியும் தலையசைக்கத் தொடங்குகிறார். அடித்துவிட்டேன். அடுத்த முடிவு: காகிதம் அப்படியே இருக்கிறது, கருகிய பன்னைத் தின்றே அவள்...

இன்று காலை எல்லாம் கெட்டது. தூரேயின் கதவிலும் அதே சொல். திறக்காத கதவு வழியாக என்ன தொற்றியிருக்கும்? அவருக்கு நிஜமாகவே வயிறா, இல்லை அவரும் கூப்பிடுகிறாரா?

இப்போது ரக்ன்ஹில்ட் ஒரு பையோடு அந்தக் கதவின் முன் நிற்கிறாள். கதவுப்பிடிக்கும் அழைப்பு மணிக்கும் ஒரு சாண் தூரம். பையை மாட்டிவிட்டால் இன்னொரு ஒன்பது வருடம்.

நான் கடைக்குப் போக வேண்டும். ஆனால் கீழே காலடி ஓயவில்லை. அதனால் என் கதவுக்குப் பின்னால் நின்று இதை எழுதுகிறேன். இருபது வருடம் இங்கே இருந்துவிட்டேன், எனக்கும் தொற்றிவிட்டது. நீங்கள் வெளியூர்க்காரர். நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள், மணியை அடிக்கச் சொல்லி.