தீபாவளிச் சாரம்

கத்தரிக்கோல் பட்டில் ஓடவில்லை, வழுக்கியது. கேதீஸ்வரன் சேர்ட்டின் கழுத்துப்பட்டியைப் பல்லால் கடித்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகின் நடுவால் கீழ்வரை வெட்டினான்.

"உதை ஏன் வெட்டுறாய்?" அலமாரியில் சாத்தி வைத்திருந்த போனுக்குள் இருந்து கோபிசங்கர் கேட்டான்.

"வெட்டாமல் போடேலாது அண்ணை. கை விறைச்சுப் போச்சு."

"புதுச் சேர்ட்டடா அது."

"முன்னாலை பாக்க ஒண்டும் தெரியாது."

கனடாவில் அப்போது சாமம். போனுக்குள் அண்ணையின் முகம் பாதி இருட்டாகவும் பாதி நீலமாகவும் இருந்தது. அழுதிருக்கிறான் என்று தெரிந்தது. அது கேதீஸ்வரனுக்கு எரிச்சலையே தந்தது. தனக்கு இன்னும் ஒரு சொட்டும் வரவில்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

அவர்களுடைய தகப்பன் நமசிவாயம் மர வாங்கில் கிடந்தார். எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டி அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை. நாளைக்குத் தீபாவளிக்கென்று போத்தலில் எடுத்து வைத்த நல்லெண்ணெய்தான் இன்றைக்கு அவருடைய தலையில் ஏறியிருந்தது. வெட்டிய சேர்ட்டை இரண்டு கைகளிலும் கோத்து, பின்பக்கத்தை முதுகுக்குக் கீழே செருகினான். கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு கை போகும் இடைவெளி இருந்தது. அண்ணை பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்த ஐயாவுக்கு அது அளவாக இருந்திருக்கும். இரண்டு வருசமாகப் படுக்கையில் கிடந்து வற்றிய இந்த மனிசனுக்கு அது சாக்குப் பை.

"வடிவாயிருக்கு," என்றான் அண்ணை. "கமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வா. வேட்டிக் கரை தெரியேல்லை."

காலை ஐந்தரைக்குப் பார்த்தபோது நமசிவாயத்தின் மூச்சு நின்றிருந்தது. ஒன்பது மணிக்கு ஓட்டோவில் தீபாவளி வந்து இறங்கியது.

முதலில் பாட்டுத்தான் கேட்டது. ஒழுங்கை முடக்கில் இருந்தே பெரிய சத்தமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிறகு படலைக்கு மேலால் நாலைந்து பலூன்கள் தெரிந்தன. பிறகு ஒரு பிள்ளை, கையில் போனை நீட்டிய தடியோடு, சிரித்த முகமாய் உள்ளே வந்தாள். முற்றத்தில் கதிரை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

"சேர்ப்பிறைஸ் டெலிவறி. நமசிவாயம் ஐயா வீடு இதுதானே?"

வாசலில் இருந்த சின்னாச்சி மாமி, நமசிவாயத்தின் தங்கை, எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே சொன்னாள்.

"இதுதான் பிள்ளை. அவரும் உள்ளுக்குத்தான் படுத்திருக்கிறார். ஆனால் சிரிக்கமாட்டார். அந்தப் பாட்டை முதல்லை நிப்பாட்டு."

பிள்ளையின் பெயர் மதுரா என்று அவள் சட்டையில் குத்தியிருந்தது. பாட்டு நின்றது. பலூன்களை அவள் தானாகவே ஓட்டோவுக்குள் திருப்பித் திணித்தாள், இரண்டு வெடித்தன. பெட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய சிவப்புப் பெட்டி. பட்டு வேட்டி, பட்டுச் சேர்ட், ஒரு போத்தல் சென்ற், சொக்கிளேற். தனியாக ஒரு கேக். அதன்மேல் பச்சைக் கிறீமில், இனிய தீபாவளி வாழ்த்துகள் ஐயா.

"அண்ணை, நான் என்ன செய்யிறது?" அவள் கேதீஸ்வரனிடம் மெல்லக் கேட்டாள். "வாங்கிறவர் கையிலை குடுக்கிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்போணும். இல்லாட்டிக் குடுக்கேல்லை எண்டுதான் பதிவாகும்."

கேதீஸ்வரன் அண்ணைக்குப் போன் எடுத்தான். திருப்பி அனுப்பச் சொல்வான் என்றுதான் நினைத்தான். ஆனால் அண்ணை சொன்னான்.

"திருப்பி அனுப்பாதை. ரெண்டு கிழமையா ஒவ்வொண்டாப் பாத்துப் பாத்து எடுத்தனான். ஐயாவின்ரை கையிலை ஒருக்கா வைச்சு ஒரு படம் எடடா. நான் குடுத்ததா இருக்கட்டும்."

கேதீஸ்வரன் செய்தான். ஐயாவின் வலது கையைத் தூக்கிப் பெட்டியின்மேல் வைத்தான். அது வழுக்கி விழுந்தது. இரண்டாம் முறை, பெட்டியைச் சரித்து விரல்களுக்குக் கீழே முண்டு கொடுத்தான். மதுரா ஒரே ஒரு படம் எடுத்தாள். எடுக்கும்போது போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"காணும் அண்ணை," என்றாள். போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக் கொஞ்ச நேரம் தடுமாறினாள்.

பத்து மணிக்குள் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அழுகிற சத்தத்துக்கு நடுவிலே வேறொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. மந்துவிலில் இருந்து வந்த சித்தப்பா கேதீஸ்வரனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, இண்டைக்கே எடுத்தால்தான் நல்லது. நாளைக்கு மேளமும் வராது, சனமும் வராது."

"அண்ணையும் அப்பிடித்தான் சொல்றார். அவருக்கு வர வழியில்லை."

"பின்னை என்ன." சித்தப்பா சால்வையால் முகத்தைத் துடைத்தார். "எங்களுக்கும் செத்த வீட்டுத் துடக்குத்தானே? பேரப்பிள்ளையளுக்கு உடுப்பெல்லாம் எடுத்துப்போட்டம். அதுகள் நேற்றே போட்டுப் பாத்திட்டுதுகள். மகளின்ரை பிள்ளையளுக்கு அவ்வளவு துடக்கில்லை எண்டும் சொல்லுவினம், என்ன?"

கேதீஸ்வரன் ஓம் என்றான். குசினிக்குள் போனால் அங்கே பக்கத்து வீட்டு மனிசி, அவன் மனைவி கஜந்தினியைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அவளுடைய காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, என்ரை சட்டை தைச்சு முடிச்சிட்டியே? செத்த வீட்டிலையிருந்து கொண்டு போகலாமோ தெரியேல்லை. வேலியாலை தந்துவிடன்."

கஜந்தினி ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவள். தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் அந்த வீட்டில் தையல் மெசினின் சத்தம் ஓய்வதில்லை. அவள் கணவனைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. பிறகு போய்ச் சட்டையைப் பையில் போட்டு வேலியால் கொடுத்தாள்.

எல்லாரும் அருவருப்பாகத்தான் இருந்தார்கள். சித்தப்பாவின் சால்வை, அந்த மனிசியின் மூக்கு, போனுக்குள் அண்ணையின் நீல முகம். கேதீஸ்வரன் சுவரோடு சாய்ந்து நின்று ஒவ்வொருவரையும் பார்த்தான். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குச் சுகமாகக்கூட இருந்தது. ஏனென்றால் அலமாரியின் கீழ்த்தட்டை அப்போது பார்க்கத் தேவையில்லை.

அங்கே, இடுப்பில் சுற்றிக் கட்டுகிற ஒரு பருத்திச் சாரம் இருந்தது.

அதை அவன்தான் வாங்கினான். போன கிழமை சுன்னாகத்தில், சந்தைக்கு வெங்காயம் போட்டுவிட்டு வரும் வழியில். கடைக்காரன் நல்ல மினுக்கமான சாரங்களாக எடுத்து விரித்தான். கேதீஸ்வரன் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. முழங்கையின் உட்பக்கத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். "பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லே பாக்கிறியள்," என்று கடைக்காரன் பகிடி விட்டான். படுக்கைப் புண் உள்ளவருக்கு என்று சொன்னதும் அவன் பகிடியை நிறுத்தி, உள்ளே போய், நாலைந்து தரம் தோய்த்ததுபோல மெல்லிசான ஒன்றைக் கொண்டுவந்தான். சாம்பல் நிறத்தில் நீலக் கட்டம். கேதீஸ்வரன் அதைக் கன்னத்திலும் ஒருமுறை வைத்துப் பார்த்தான். யாருக்கும் எதையும் அவன் அவ்வளவு பார்த்து வாங்கியதில்லை.

கஜந்தினி அதை மெசினில் மூட்டும்போது, படுக்கையில் இருந்து ஐயா கேட்டார்.

"மோனை, ஓடுறது என்ரை சாரமே?"

"ஓம் ஐயா. தீபாவளிக்கு."

அதற்குப் பிறகு மெசின் ஓடும்போதெல்லாம் அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

நேற்றுப் பின்னேரம் கஜந்தினி சந்தைக்குப் போயிருந்தாள். கேதீஸ்வரன் ஐயாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாயால் மூச்சு விட அவன் பழகியிருந்தான். மூக்கால் இழுத்தால் பிறகு சோறு இறங்காது. பழைய சாரம் இடுப்புப் புண்ணோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது ஐயா பல்லைக் கடித்தார்.

"அந்தப் புதுச் சாரத்தைக் கட்டிவிடன் மோனை. இது அறுக்குது."

"நாளண்டைக்குத் தீபாவளி ஐயா. மஞ்சள் தொட்டு உடுப்பம். மஞ்சள் தொடாமல் புதுசு உடுக்கிறதே?"

ஐயா, "ஓம், அதுவும் சரிதான்," என்றார்.

மஞ்சளா காரணம்? ஒரு மணித்தியாலத்தில் நனைத்துவிடுவார், பிறகு அந்த மணம் போகாது என்பதுதான் காரணம். தீபாவளியன்று அண்ணை வீடியோவில் வருவான். ஐயாவைப் புதுச் சாரத்தோடு காட்ட வேண்டும், இங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று அவன் பார்க்க வேண்டும். அதுதான் காரணம். இன்று விடிய அவருக்கு உடுப்பு மாற்றவென்று போய்க் கை வைத்தபோது, அந்தப் பழைய சாரம் நனைந்து, குளிர்ந்து போயிருந்தது.

சேர்ட் போட்டாகிவிட்டது. மாமி பட்டு வேட்டியைக் கையில் எடுத்து உதறினாள். அகலக் கரை வெயிலில் மின்னியது. கேதீஸ்வரன் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தான். மடிப்புக் கலையாத சாரத்தை, அது இருந்த பொலித்தீன் பையோடு எடுத்தான்.

"மாமி, உள்ளுக்கு இதைக் கட்டிப்போட்டு, மேலாலை வேட்டியைக் கட்டுவமே?"

"சாரத்தோடை ஆரடா ஆளை அனுப்புறது? உனக்கென்ன விசரே?"

"இது மெல்லிசு."

"மெல்லிசோ? இனி அவருக்கு என்ன அறுக்கப்போகுது?"

மாமி சும்மா சொன்ன சொல்தான். கேதீஸ்வரனின் கை பையோடு அப்படியே நின்றது.

"என்னது அது?" போனுக்குள் இருந்து அண்ணை கேட்டான். "காட்டு பாப்பம்."

"ஒரு சாரம் அண்ணை."

"ஐயா கேட்டவரோ?"

அறைக்குள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் காணும். மாமியே கட்டிவிடுவாள், செத்தவர் கேட்டதென்றால் அவள் மறுக்கமாட்டாள். ஆனால் அடுத்த கேள்வியை அண்ணை கட்டாயம் கேட்பான். அப்ப ஏன் குடுக்கேல்லை?

"இல்லை," என்றான் கேதீஸ்வரன்.

"பின்னை வைச்சிட்டு வேட்டியைக் கட்டு. அந்தச் சென்ற்றையும் கொஞ்சம் அடிச்சுவிடு."

பையை அலமாரிக்குள் திருப்பி வைத்தான். வேட்டியைக் கட்டினான். சென்ற் போத்தலை மாமியே எடுத்து, ஈக்கு மருந்தடிப்பதுபோல நீட்டிப் பிடித்து அடித்தாள். கீழே இருந்த மணம் போகவில்லை. அதன்மேல் பூ மணம் ஏறி, இரண்டும் சேர்ந்து வேறொன்றாகியது. கேதீஸ்வரன் வாயால் மூச்சு விட்டான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது சனம் கரையைத்தான் பார்த்தது. "கனடா வேட்டியெல்லோ," என்று யாரோ சொன்னார்கள். சுடலையில் வேட்டியின் கரைதான் முதலில் சுருண்டது. நெருப்பு அதைப் பிடித்ததும் பச்சையாக எரிந்தது. சித்தப்பா மணிக்கூட்டைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது மைமல் இருட்டு. கேதீஸ்வரன் வீட்டுக்குள் போகாமல் நேரே கிணற்றடிக்குப் போனான். சாம்பலும் அந்தச் சென்ற்றும் உடம்பில் ஒட்டியிருந்தன. துலாவும் இல்லை, மோட்டரும் போட மனமில்லை. கப்பியால் அள்ளி அள்ளி ஊற்றினான். உடுத்திருந்த வேட்டியோடு ஏழெட்டு வாளி. மணம் போகவில்லை.

குசினி வாசலில், காலையில் வந்த கேக்கைத் தட்டோடு தூக்கி வைத்திருந்தார்கள். பச்சை எழுத்தின்மேல் எறும்பு வரிசையாய் ஏறிப் போனது. கோழிகள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு விலகின.

கஜந்தினி வந்து, கிணற்றடிக் கொடியில் ஒரு துணியைப் போட்டாள்.

"உங்கடை எல்லாத்தையும் நனைச்சுப்போட்டன். இது ஒண்டுதான் காய்ஞ்சு கிடந்தது. கட்டுங்கோ."

சாம்பல் நிறம், நீலக் கட்டம்.

"பழசொண்டும் இல்லையே?"

"ஐயாவின்ரை பழசெல்லாம் பாயோடை சுடலைக்குப் போயிட்டுது. ஏன், இதுக்கென்ன? மூட்டினது மூட்டினபடி கிடக்கு."

கேதீஸ்வரன் கையைப் பிழிந்து உதறிவிட்டுச் சாரத்தை எடுத்து விரித்தான். கீழ் மூலையில், விரல் நுனி அளவுக்கு, ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. காய்ந்து, நூலோடு நூலாகப் போயிருந்தது.

"இது எப்ப வைச்சனீர்?"

"மஞ்சளோ? மூட்டின அண்டைக்கே வைச்சிட்டன். தீபாவளியண்டு காலமை எனக்கு எங்கை நேரம்?" அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். "என்ன?"

"ஒண்டுமில்லை."

அவள் தேத்தண்ணி எடுத்துவரப் போனாள். அடுத்த ஒழுங்கையில் யாரோ ஒரு வெடியைக் கொளுத்தினார்கள். பெரியவர் யாரோ அதட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஈர வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சாரத்தை இடுப்பில் சுற்றி முடிந்தான். தோலில் துணி பட்டதே தெரியவில்லை.

கஜந்தினி தேத்தண்ணியைக் கொண்டுவந்து தந்தாள். "இருந்து குடியுங்கோவன், காலமை தொட்டு நிக்கிறியள்," என்றாள்.

கிணற்றுக் கட்டு நனைந்திருந்தது. சாரம் நனைந்துவிடாமல் அவன் நின்றபடியே குடித்தான்.